வெள்ளத் திட்டத்தை எழுதும் முன் எங்களைக் கூப்பிடுங்கள்

கடலூர் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், ஆணைய உறுப்பினர்களுக்கும், நீர்வளம், வருவாய், ஊரக வளர்ச்சி, மீன்வளம், வேளாண்மை ஆகிய துறைகளின் அலுவலர்களுக்கும், மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும் வணக்கம்.

தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு ஆகிய ஆறுகளின் கரைகளில் பயிர் செய்பவர்களும், முகத்துவாரத்தில் வலை போடுபவர்களும், ஊராட்சிப் பொறுப்பில் இருந்தவர்களும், நீர்ப்பாசனப் பொறியியலே தொழிலாகக் கொண்டவர்களும் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். கோரிக்கை ஒன்றுதான். மாவட்டத்தின் அடுத்த வெள்ளத் திட்டத்தை எழுதி முடித்துவிட்டு எங்களிடம் கருத்துக் கேட்காதீர்கள். என்னென்ன வழிகள் உண்டு என்று யோசிக்கும்போதே, அந்தத் திட்டத்தின் கீழ் வாழப்போகிறவர்களை உட்காரவையுங்கள். அவர்கள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் கொடுங்கள்.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்துகொண்ட பிறகே மாவட்டத் திட்டத்தைத் தயாரிக்க வேண்டும் என்கிறது. ஆண்டுதோறும் அதைத் திருத்தி எழுதவும் சொல்கிறது. 28ஆம் பிரிவு, தேவைப்படும்போது ஆலோசனைக் குழுக்களை அமைக்க மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. குழுவில் நிபுணராகச் சேர்க்கப்படுபவருக்குப் படி வழங்கவும் அதிலேயே இடமிருக்கிறது. முகத்துவார மணலை ஆண்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும் மீனவரை அந்த நிபுணர் இருக்கையில் அமர்த்த எந்தத் தடையும் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1) பிரிவோ, மக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கையை வகுக்கும்போதே அதற்கான தகவல்களை வெளியிட வேண்டும், முடிவுக்கான காரணத்தைப் பாதிக்கப்படுவோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆக, நாங்கள் கேட்பது சலுகை அல்ல. ஏற்கெனவே எழுதிவைத்திருப்பதை நடைமுறைக்குக் கொண்டுவருவதுதான்.

இங்கே ஒரு சிக்கலை இப்போதே சொல்லிவிட வேண்டும். மாவட்ட ஆணையத்தின் தலைவர் ஆட்சியர். தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதி இணைத் தலைவர். 2025 ஜனவரியில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். அப்படிப்பட்ட காலத்தில் 'உள்ளாட்சியைக் கலந்துகொள்வது' என்றால் ஓர் அலுவலர் இன்னோர் அலுவலரிடம் கேட்பது என்றாகிவிடும். சட்டப்படி கோப்பு நிறைவாக இருக்கும். ஊரின் குரல் அதில் இருக்காது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லாத நாட்களில்தான் 28ஆம் பிரிவுக் குழு கட்டாயமாகத் தேவைப்படுகிறது.

ஏன் முதலிலேயே கூப்பிட வேண்டும் என்பதற்கு 2024 டிசம்பர் போதும். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைத் தொட்டு, நகராமல் நின்றது. மழை மேற்கே ஏறி, தென்பெண்ணையின் நீர்ப்பிடிப்பு முழுவதும் கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலையில், ஆற்றின் மேல்பகுதியில் இருக்கும் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட்டது. தாழங்குடா, நாணமேடு, உச்சிமேடு, குண்டுஉப்பலவாடி என்று ஆற்றின் கடைசிக் கிலோமீட்டர்களில் இருக்கும் ஊர்கள் தண்ணீருக்குள் போயின. முன்னெச்சரிக்கை போதுமா இல்லையா என்ற வாதம் சட்டமன்றம் வரை சென்றது. அந்த வாதத்துக்குள் நாங்கள் இறங்கவில்லை. நாங்கள் கேட்பது வேறு.

டிசம்பர் 1 அமாவாசை. அமாவாசையை ஒட்டிய நாட்களில் கடல் ஏற்றம் கூடுதலாக இருக்கும் என்பது தேவனாம்பட்டினத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நம் கரையில் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவுதான். ஆனால் புயல் தள்ளிய நீரும் அதோடு சேரும்போது ஆறு வடிவதற்கான சரிவு குறைந்துவிடுகிறது. முகத்துவாரத்தில் மணல் திட்டு எந்தப் பக்கம் வளர்ந்திருக்கிறது, வாய் எவ்வளவு அகலம், எந்த நேரத்தில் ஏற்றம் உச்சிக்கு வரும் என்பவற்றை மீனவர்கள் சொல்வார்கள். அணைக்குள் எவ்வளவு வருகிறது, எவ்வளவு திறக்க வேண்டும் என்பது பொறியாளருக்குத் தெரியும். தென்பெண்ணை மேல் இருக்கும் ஆல்பேட்டைப் பாலத்தில் இந்த அளவு ஓடினால் எந்தத் தெரு முதலில் மூழ்கும் என்பது கரையோர ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மூன்றும் மூன்று பேர் கையில் இருக்கின்றன. மூவரும் வெள்ளத்துக்கு முன் ஒரே அறையில் உட்கார்ந்து பேசுவதற்கான ஏற்பாட்டைத்தான் கேட்கிறோம்.

அந்த அறையில் பேச வேண்டிய முதல் கேள்வி, நவம்பர் பின்பாதியில் அணையை எந்த மட்டத்தில் வைத்திருப்பது என்பது. சாத்தனூரின் முழு மட்டம் 119 அடி, கொள்ளளவு 7.32 டி.எம்.சி. மேலே அணை நீரில் பாசனம் செய்யும் ஆயக்கட்டு விவசாயி அணை நிரம்பி இருக்க வேண்டும் என்பார், அது நியாயம். கீழே இருப்பவர் கொஞ்சம் இடம் விட்டுவையுங்கள் என்பார், அதுவும் நியாயம். ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. அணைக்குள் விநாடிக்கு 1 லட்சம் கன அடி வந்துகொண்டிருக்கும்போது ஒரு டி.எம்.சி. காலியிடம் இருந்தால், அது நிரம்ப 10,000 விநாடி ஆகும். அதாவது 2 மணி 46 நிமிடம். கீழே உள்ள ஊர்களுக்கு அந்த ஒரு டி.எம்.சி. தரும் அவகாசம் அவ்வளவுதான். மேலே அதே ஒரு டி.எம்.சி. எத்தனை ஏக்கருக்குக் கடைசித் தண்ணீர் என்பதை அந்த விவசாயிகள் கணக்கிட்டுச் சொல்லட்டும். இரண்டு கணக்கும் ஒரே தாளில் அருகருகே இருந்தால்தான் பேரம் தொடங்கும். வெள்ளத்துக்கு இடம் விட்ட ஆண்டில் மழை பொய்த்தால் மேலே உள்ளவர்களுக்கு ஈட்டுத்தொகை தரலாமா? மட்டத்தைத் தேதிவாரியாகப் படிப்படியாக உயர்த்தலாமா? இவையெல்லாம் புதுக் கொள்கைக்கான கதவுகள். ஒரு தரப்பை மட்டும் வைத்துக்கொண்டு யோசித்தால் இந்தக் கதவுகள் கண்ணில் படவே படாது.

வீராணம் ஏரியிலும் இதே கதைதான். 47.50 அடி முழு மட்டத்துக்கு ஏரியை நிறுத்துவதில் சென்னைக் குடிநீரின் தேவை இருக்கிறது. மழை வலுக்கும்போது லால்பேட்டையில் வெள்ளியங்கால் ஓடை வழியாக உபரி நீர் திறக்கப்பட்டால் மூழ்குவது அந்த ஓடையோரத்து நடவு. குடிநீர் வாரியமும், காட்டுமன்னார்கோயில் விவசாயியும், ஏரியைப் பராமரிக்கும் பொறியாளரும் மட்ட அட்டவணையை முன்னால் விரித்து வைத்துக்கொண்டு கோடைக்காலத்தில் ஒருமுறையாவது பேச வேண்டும். ஓடை கரைபுரளும் நாளில் பேச நேரமிருக்காது.

யாரைக் கூப்பிடுவது என்பதில்தான் பெரும்பாலான கூட்டங்கள் முதல் படியிலேயே தவறுகின்றன. அழைப்புப் பட்டியல் பதவியை வைத்துத் தயாராகிறது: சங்கத் தலைவர், கட்சி நிர்வாகி, தொண்டு நிறுவனப் பிரதிநிதி, வணிகர் சங்கம். எல்லாக் கூட்டத்திலும் அதே முகங்கள். நாங்கள் சொல்வது, தண்ணீர் யாரை எப்படித் தொடுகிறது என்று பார்த்துப் பட்டியல் போடுங்கள் என்பது. நிலத்துக்குப் பட்டா வைத்திருப்பவர் ஒருவர். அதே நிலத்தில் குத்தகைக்கோ, விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்கோ பயிர் வைத்திருப்பவர் இன்னொருவர். அடங்கல் என்ற கிராமப் பயிர்ப் பதிவேட்டில் பெயர் ஏறாத குத்தகைதாரருக்குப் பயிர் நிவாரணம் வந்து சேர்வதில்லை. நட்டத்தைத் தாங்குபவர் அவர்தான். ஆற்றுப் புறம்போக்கில் குடிசை போட்டிருக்கும் குடும்பங்கள், உப்பங்கழியில் நண்டும் இறாலும் பிடிக்கும் இருளர் குடும்பங்கள், வெளிமாநிலத்திலிருந்து வந்து சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்துகொண்டு வாடகை அறையில் தங்கியிருப்பவர்கள் ஆகியோர் எந்தச் சங்கத்தின் பட்டியலிலும் இல்லை. தண்ணீர் முதலில் நுழைவது அவர்கள் வாசலில்.

மாடு வைத்திருப்பவர்களைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். 'சொல்லியும் வெளியேற மறுக்கிறார்கள்' என்று அறிக்கைகளில் எழுதப்படும் குடும்பங்களில் பெரும்பகுதி கறவை மாடு வைத்திருக்கும் குடும்பங்கள். நிவாரண முகாமில் மனிதருக்கு இடம் உண்டு, மாட்டுக்கு இல்லை. கட்டுத்தறியில் மாட்டை விட்டுவிட்டு வர எந்தப் பெண்ணும் சம்மதிக்க மாட்டார். மேட்டு நிலத்தில் ஒரு கொட்டகையும், மூன்று நாளைக்கு வைக்கோலும், ஒரு கால்நடை மருத்துவரும் இருந்தால் பிரச்சினையில் பாதி தீர்ந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க ஆய்வு நிறுவனம் வேண்டாம். மாடு வைத்திருக்கும் நாலு பேரிடம் உட்கார்ந்து பேசினால் போதும். ஆனால் அந்தப் பேச்சு திட்டம் எழுதுவதற்கு முன் நடக்க வேண்டும். முகாம் இடங்கள் முடிவான பிறகு நடந்தால் 'அடுத்த ஆண்டு பார்ப்போம்' என்றுதான் பதில் வரும்.

பட்டியல் மாவட்ட எல்லையில் நின்றுவிடக் கூடாது. தென்பெண்ணையின் வடகரையில் புதுச்சேரியின் பாகூர் பகுதி இருக்கிறது. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத்தான் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் போகிறது. தென்கரையை மட்டும் உயர்த்தினால் வெள்ளம் வடகரைக்குப் போகும். கடற்கரையில் இதை நாம் ஏற்கெனவே கண்டிருக்கிறோம்: 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்தன, அதற்கு வடக்கே கரை அரிக்கப்பட்டது. ஒரு ஊரைக் காப்பாற்றக் கொட்டும் கல் அடுத்த ஊரின் மணலை எடுத்துக்கொள்கிறது. ஆகவே புதுச்சேரி ஆட்சியர் அலுவலகமும், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை மாவட்டங்களின் நீர்வளத் துறையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒரே மேசையில் இருக்க வேண்டும்.

அழைப்புப் பட்டியலில் இன்னொரு திருத்தம். குழுவில் 20 இருக்கை என்றால், 12 இருக்கைகளை மேலே சொன்ன தரப்புகளுக்குக் கொடுங்கள். மீதி 8 இருக்கைகளை வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் நிரப்புங்கள். அதில் 4 பெண்களுக்கு. யாருடைய ஆளாகவும் இல்லாதவர்கள் வருவதற்கு வேறு வழி கிடையாது. அயர்லாந்தில் 2016இல் தொடங்கிய குடிமக்கள் பேரவைக்கு 99 பேரை இப்படித்தான் தேர்ந்தெடுத்தார்கள். பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலையும் குலுக்கல்தான். நிலம், வயது, கல்வி என்று தகுதிகளை வைத்துப் பெரும்பாலோரை வெளியே நிறுத்திய முறை அது. குலுக்கலை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தத் தகுதிகளை விட்டுவிடலாம். குலுக்கலில் வந்தவர் அன்றைய கூலியை இழக்கிறார் என்பதால் கூலியையும் பேருந்துச் செலவையும் அன்றே கையில் கொடுக்க வேண்டும். 'பிறகு வங்கிக் கணக்கில் வரும்' என்றால் இரண்டாம் கூட்டத்துக்கு வரமாட்டார். குழுவில் வருபவர் யாராக இருந்தாலும், மணல், ஜல்லி, கட்டுமான ஒப்பந்தம் ஆகியவற்றில் தனக்கோ குடும்பத்துக்கோ தொடர்பு உண்டா என்று முதல் நாளே எழுதிக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது காலம். திங்கட்கிழமை காலை 11 மணிக்கு ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டம் என்றால் மீனவர் வரமுடியாது, கூலித் தொழிலாளி வரமுடியாது. ஆனால் நம் மாவட்டத்தின் ஆண்டு ஓட்டத்திலேயே நல்ல இடைவெளி இருக்கிறது. சம்பா அறுவடை முடிந்து பிப்ரவரி, மார்ச்சில் விவசாயி கொஞ்சம் ஓய்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். மார்ச் 22 உலக நீர் நாள், மே 1 தொழிலாளர் நாள், ஆகஸ்ட் 15 சுதந்திர நாள் என்று மூன்று கிராம சபைகள் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வந்துவிடுகின்றன. மார்ச் 22இல் கேள்விகளை வையுங்கள். மே 1இல் இரண்டு மூன்று மாற்று வழிகளை, செலவும் சாதக பாதகமும் சேர்த்து, வையுங்கள். ஆகஸ்ட் 15இல் எடுத்த முடிவையும் காரணத்தையும் படியுங்கள். செப்டம்பரில் ஒத்திகை. அக்டோபர் நடுவில் மழை தொடங்கும்போது எல்லாம் கையில் இருக்கும். கிராம சபை செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை, 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 என்று இருக்கிறது. கையெழுத்துப் புத்தகத்தை வீடு வீடாகக் கொண்டுபோய் இந்த எண்ணிக்கையை நிரப்பும் பழக்கத்தை இந்த மூன்று சபைகளிலாவது கைவிட வேண்டும். மாநகராட்சியின் 45 வார்டுகளுக்கும் பகுதி சபைகள் இதே தேதிகளை ஒட்டிக் கூடலாம்.

இடமும் முக்கியம். பல ஊர்களில் காலனி ஊரைவிடத் தாழ்ந்த நிலத்தில் இருக்கிறது. தண்ணீர் அங்கேதான் முதலில் ஏறி, கடைசியில் வடிகிறது. கூட்டத்தை ஊர்க் கோயில் திடலில் வைத்தால் அந்தக் குரல் வராது, வந்தாலும் ஓரத்தில் நிற்கும். பள்ளிக்கூடத்தில் வையுங்கள், அல்லது ஒரு கூட்டம் ஊரில், ஒரு கூட்டம் காலனியில் என்று இரண்டாக வையுங்கள். பெண்களுக்குத் தனி அமர்வு மாலை 3 மணியளவில், சமையலுக்கும் பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் நேரத்துக்கும் இடையில். முகாமில் கழிப்பறை எங்கே, விளக்கு உண்டா, பால் குடிக்கும் குழந்தையோடு எங்கே படுப்பது என்ற கேள்விகள் பொதுமேடையில் எழாது.

கூட்டம் நடக்கும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம், ஏனென்றால் நல்ல நோக்கங்கள் பெரும்பாலும் இங்கேதான் வீணாகின்றன. சுற்றுச்சூழல் அனுமதிக்கான பொதுமக்கள் கருத்துக்கேட்பை நம் மாவட்டம் நன்றாக அறியும். 2006ஆம் ஆண்டு அறிவிக்கை 30 நாள் முன்னறிவிப்பு, வட்டார மொழியில் சுருக்கம், வீடியோ பதிவு எல்லாம் கேட்கிறது. எல்லாம் செய்தாலும், அங்கே மக்கள் முன் வைக்கப்படுவது முடிவான இடத்தில் முடிவான திட்டம். மேடை, ஒலிபெருக்கி, காவலர் வரிசை, ஆளுக்குச் சில நிமிடம். வந்தவர் கேமராவைப் பார்த்துத் தன் கோபத்தைச் சொல்லிவிட்டுப் போகிறார். யாரும் யாரிடமிருந்தும் எதையும் கற்றுக்கொள்வதில்லை. வெள்ளத் திட்டத்துக்கு இந்த வடிவம் வேண்டாம்.

மேடையை எடுத்துவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒரு மேசை. மேசை மேல் வி.ஏ.ஓ.விடம் இருக்கும் கிராம வரைபடத்தின் பெரிய நகல், சர்வே எண்களோடு. செயற்கைக்கோள் படத்தைவிட இதுதான் எளிதில் புரிகிறது. தன் வயல் எண் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் நுழைந்த இடத்துக்கு ஒரு நிறம், போன வழிக்கு ஒரு நிறம், மூன்று நாளுக்கு மேல் தேங்கிய இடத்துக்கு ஒரு நிறம். 2015, 2021, 2024 ஆகிய மூன்று வெள்ளங்களுக்கும் தனித்தனித் தாள். ஒரே தாளில் போட்டால் குழம்பிவிடும். நவம்பர் 2015இல் நெய்வேலி, குறிஞ்சிப்பாடிப் பக்கம் கொட்டிய மழையால் வந்தது வேறு வெள்ளம். 2021இலும் 2024இலும் தென்பெண்ணை கரைபுரண்டு வந்தது வேறு. பேச்சை நடத்துபவர் எந்தத் துறையையும் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. துறைப் பொறியாளர் ஒவ்வொரு மேசையிலும் இருக்க வேண்டும், ஆனால் கேட்டால் மட்டும் பதில் சொல்ல வேண்டும். முதலில் அவர் பேசத் தொடங்கினால் மற்றவர்கள் அடங்கிவிடுவார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். எழுதிய குறிப்பைக் கலைவதற்கு முன் உரக்கப் படித்து, திருத்தி, கையெழுத்து வாங்கி, ஒரு நகலை அங்கேயே கொடுத்துவிட வேண்டும். வருகைப் பதிவுக்கு வேறு தாள். வருகைக்குப் போட்ட கையெழுத்து பின்னால் ஒப்புதலாகக் காட்டப்படும் என்ற அச்சம் மக்களிடம் ஆழமாக இருக்கிறது. அந்த அச்சம் நியாயமானது.

வெள்ள உயரத்தைக் குறிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. 'இடுப்பளவு வந்தது', 'வீட்டுப் படி மூழ்கியது' என்று சொல்வார்கள். நடுவில் சாலையை உயர்த்தியிருப்பார்கள், வீட்டைத் திருப்பிக் கட்டியிருப்பார்கள். பழைய இடுப்பளவும் புதிய இடுப்பளவும் ஒன்றல்ல. எனவே மாறாத பொருளிலிருந்து அளக்க வேண்டும்: பாலத்தின் கைப்பிடிச் சுவர், கோயிலின் கல் அடித்தளம், கைபம்பு மேடை, பழைய பள்ளிச் சுவர். ஊருக்குப் பத்து இடங்களில் அப்படிக் குறித்து, வண்ணம் அடித்து, ஆண்டை எழுதிவிட்டு, நில அளவையர் ஒரு நாள் லெவல் கருவியோடு வந்து எல்லாக் குறிகளையும் கடல் மட்டத்தோடு இணைத்துவிட வேண்டும். அதன் பிறகு ஆல்பேட்டை அளவுகோலில் இன்ன அளவு என்றால் நாணமேடு பள்ளியில் எந்தக் கோடு வரை என்று அட்டவணை போடலாம். 'விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடி' என்ற அறிவிப்பு கரையோரக் குடும்பத்துக்கு எதையும் சொல்வதில்லை. 'பள்ளிச் சுவரில் 2021 கோட்டுக்கு மேல் வரும், இரவு 10 மணிக்குள் கிளம்புங்கள்' என்பது சொல்கிறது. இந்த அட்டவணையைத் துறை மட்டும் உட்கார்ந்து தயாரிக்க முடியாது, ஊர்க்காரர்கள் மட்டும் தயாரிக்கவும் முடியாது.

மக்கள் தரும் தகவல் 'அகவயமானது' என்று ஒதுக்கப்படுவது எங்களுக்குத் தெரியும். நம் மாவட்டத்திலேயே அதற்குப் பதில் இருக்கிறது. கடலூர் சிப்காட்டை ஒட்டிய ஊர்களில், சிப்காட் பகுதிச் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் 2000களில் துர்நாற்றத்தைப் பதிவுசெய்யக் கற்றுக்கொண்டார்கள்: தேதி, நேரம், நின்ற இடம், காற்று வந்த திசை, எந்த வகை நாற்றம். நெகிழி வாளிக்குள் பை பொருத்திக் காற்று மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 'நாறுகிறது' என்ற புகார் அப்படித்தான் சான்றானது. வெள்ளத்துக்கும் அதே ஒழுங்கு போதும்: எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தத் திசையிலிருந்து வந்தது, எந்தக் குறி வரை ஏறியது, எப்போது வடிந்தது. ஐந்து கட்டங்கள் உள்ள ஒரு அட்டையை அச்சிட்டு ஊருக்கு மூன்று பேரிடம் கொடுத்தால், இரண்டு பருவத்தில் கணினி மாதிரி தரும் எந்த வெள்ளக் கணிப்பையும் சரிபார்க்கும் தரவு கையில் இருக்கும்.

கட்டுமானங்களுக்கும் இது பொருந்தும். தென்பெண்ணையில் தளவானூருக்கும் எனதிரிமங்கலத்துக்கும் இடையே 25 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கட்டிய தடுப்பணை, 2021 ஜனவரியிலேயே கரையோரம் உடைந்தது. அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டும் சேதமானது. அணையின் உடலைவிட, அது கரையோடு சேரும் இடத்தைத்தான் ஆறு முதலில் தேடிப் போகும். எந்தக் கரையை ஆறு ஆண்டுதோறும் தின்கிறது, மணல் அள்ளிய பள்ளம் எங்கே, பழைய ஆற்றுப்போக்கு எந்த வயல் வழியாக இருந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் இருகரை ஊர்களிலும் பதில் வாங்கி, அந்தப் பதில் வடிவமைப்பு அறிக்கையில் ஒரு பக்கமாக இணைக்கப்பட்டிருந்தால் மட்டுமே ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும் என்று விதி செய்யுங்கள்.

முகத்துவாரம் தூர்வாருவதிலும் இதே கேள்வி. மணல் திட்டை எங்கே வெட்டினால் நிற்கும், எங்கே வெட்டினால் சில நாளில் மூடிக்கொள்ளும் என்பது நீவாட்டை, அதாவது கடல் நீரோட்டத்தை, பார்த்துப் பழகியவர்களுக்குத் தெரியும். வெட்டும் இடத்தையும் தேதியையும் தாழங்குடா, தேவனாம்பட்டினம் மீனவப் பஞ்சாயத்துகளோடு இடத்திலேயே நின்று முடிவு செய்து, அந்தக் குறிப்பை வேலை ஆணையோடு இணையுங்கள்.

எச்சரிக்கை ஏற்பாட்டை மாவட்டம் முழுக்க ஒரே நாளில் பரப்ப வேண்டாம். முதல் ஆண்டு மூன்று இடங்களில் சோதியுங்கள்: தென்பெண்ணைக் கடைசி ஊர்களில் ஒரு தொகுப்பு, வெள்ளியங்கால் ஓடையோரம் ஒன்று, கெடிலத்தை ஒட்டிய மாநகராட்சி வார்டு ஒன்று. செப்டம்பரில் ஒரு நாள், இரவு நேரத்தில், மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒத்திகை பாருங்கள். பகலில் மின்சாரத்தோடு நடக்கும் ஒத்திகையில் எல்லாம் சரியாக நடக்கும், எதுவும் தெரியவராது. உண்மையில் உடைவது இப்படி: மின்சாரம் போய்க் கொஞ்ச நேரத்தில் செல்போன் கோபுரம் செயலிழக்கிறது, எஸ்.எம்.எஸ்.ஸும் வாட்ஸ்அப்பும் நிற்கின்றன, ஒலிபெருக்கி வண்டி தாழ்வான சாலையில் மாட்டிக்கொள்கிறது, தகவல் வி.ஏ.ஓ. வரை வருகிறது, அவருக்கு மூன்று கிராமப் பொறுப்பு. ஆகவே பேட்டரியில் ஓடும் ஒலிபெருக்கி கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும், கையால் சுற்றும் சைரன் ஒன்று, 50 வீட்டுக்கு மூன்று பொறுப்பாளர்கள், அதில் ஒருவராவது பெண். அணை திறப்புத் தகவல் கிளம்பிய நேரத்திலிருந்து கடைசி வீட்டுக் கதவைத் தட்டிய நேரம் வரை எத்தனை நிமிடம் என்று அளந்து, அந்த எண்ணை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதுங்கள். மறு ஆண்டு அந்த எண் குறைந்ததா என்று பார்க்கலாம்.

எல்லாவற்றையும்விட எங்களுக்கு முக்கியமானது பதில். மக்கள் சொன்ன ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு எண். எதிரே மூன்றில் ஒன்று: ஏற்றோம், மாற்றி ஏற்றோம், ஏற்கவில்லை. காரணம் இரண்டு வரியில். ஏற்றதாக இருந்தால் எந்த அலுவலர், எந்த நிதி, எந்தத் தேதி. கூட்டம் முடிந்து 30 நாளுக்குள் இந்தப் பட்டியல் தமிழில் ஊராட்சி அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் ஒட்டப்பட வேண்டும். 'ஏற்கவில்லை' என்ற பதில் மக்களை விரட்டாது. பதிலே வராததுதான் விரட்டுகிறது. பதிவேட்டின் ஒரு பிரதி வட்டாட்சியர் அலுவலகத்தில் நிரந்தரமாக இருக்க வேண்டும். அலுவலர்கள் மாறுவார்கள்; புதிதாக வருபவர் அதே கேள்விகளை முதலிலிருந்து கேட்கும்போது, போன முறை சொன்னது எங்கே போனது என்று ஊர் சோர்ந்துவிடுகிறது. எது பேச்சுக்கு உட்பட்டது அல்ல என்பதையும் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். அணையின் பாதுகாப்புக்காக மதகுகளைத் திறந்தே ஆக வேண்டிய நிலை வரும். அந்த நேரத்தில் முடிவு பொறியாளருடையது, கூட்டம் போட்டுக் கேட்க முடியாது. அதை எல்லோரும் ஏற்பார்கள். அந்த நேரத்தில் என்ன விதிப்படி முடிவெடுப்பது என்பதைக் கோடையில் எழுதும்போதுதான் நாங்களும் இருக்க வேண்டும் என்கிறோம்.

இதற்கெல்லாம் நேரம் ஆகும், வேலை தாமதமாகும் என்ற கவலை அலுவலகங்களில் இருக்கிறது. நாங்கள் சொன்ன கால அட்டவணை மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை ஆறு மாதம்; சட்டம் கேட்கும் வருடாந்திரத் திருத்தத்துக்கு உள்ளேயே அடங்குகிறது. பணமும் பெரிதல்ல: வரைபட நகல், வண்ணம், ஒருநாள் கூலி, டீ, நில அளவையரின் சில நாள் பயணம். கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டத்தைத் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் கொடுத்தார்கள். நாங்கள் அவ்வளவு கேட்கவில்லை. ஒரு மாவட்டம், ஒரு திட்டம், ஒரு பருவம்.

ஆணையத்திடம் நாங்கள் கேட்பவை: 28ஆம் பிரிவின் கீழ் பெண்ணை–கெடிலக் குழுவுக்கும் வீராணம்–வெள்ளாற்றுக் குழுவுக்கும் தனித்தனி ஆணை, உறுப்பினர் தேர்வு முறையும் குலுக்கலும் அதிலேயே குறிப்பிடப்பட்டு. சாத்தனூர், வீராணம் இரண்டின் நவம்பர், டிசம்பர் மட்ட விதிகளும், 2021, 2024 ஆண்டுகளின் மணிவாரி வரத்து, திறப்புக் கணக்கும் தமிழில் பொதுவில். மார்ச் 22 கிராம சபைக்கான கேள்வித்தாள் இரண்டு வாரம் முன்பே ஊராட்சிகளுக்கு. பாகூர் பகுதிக்காகப் புதுச்சேரி நிர்வாகத்துக்கு ஆட்சியரின் அழைப்புக் கடிதம். குழுக்கள் அமைந்தால் வரைபடம் குறிக்கவும், வெள்ளக் குறிகளைக் காட்டவும், ஒத்திகையில் கதவு தட்டவும் எங்கள் ஊர்களிலிருந்து ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். எந்தத் தேதியில், எந்தப் பள்ளியில் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாற்றுக் கரைகளின் விவசாயிகள், மீனவர்கள், நீர்ப்பாசனப் பொறியாளர்கள், முன்னாள் உள்ளாட்சிப் பிரதிநிதிகள்
கடலூர் மாவட்டம்